பல்லும் கண்ணும் சின்ன விஷயமல்ல

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். சிறுவயதில் பார்த்த கார்ட்டூன்கள் சினிமாவாகும்போது ரசிகர்கள் எழுப்பும் கூச்சலைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். வளர்ந்தவர்கள் ஒரு பொம்மையின் பல்லுக்காகச் சண்டை போடுகிறார்களே என்ற அலுப்பு அதில் வரிக்கு வரி தெரிந்தது. கட்டுரையாளர் சொன்னதில் ஒரு பாதியை முழுமனதோடு ஒப்புக்கொள்கிறேன். மறுபாதியை அப்படியே விட்டுவிட மனசு வரவில்லை.

நான் பிள்ளைகளுக்கு ஓவியம் சொல்லிக்கொடுப்பவள். என் வகுப்பில் யாராவது ஒருவர் சோனிக்கை வரைந்துகொண்டேதான் இருப்பார்கள். 1991-இல் வீடியோ கேமில் பிறந்து, 1993-இல் தொலைக்காட்சிக் கார்ட்டூனாகவும் வந்த அந்த நீல முள்ளெலியை இன்றைய பிள்ளைகளும் விடவில்லை. அவர்கள் வரையும் முறையைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். முதலில் தலைக்கு ஒரு வட்டம். அடுத்தது கண். இரண்டு கண்ணையும் தனித்தனியாகப் போட மாட்டார்கள். ஒரே வெள்ளைப் பரப்பு, மேலிருந்து நடுவில் இறங்கும் ஒரு சின்ன வளைவு, உள்ளே இரண்டு கருமணிகள். அதன் பிறகுதான் பின்னந்தலை முட்கள், வெள்ளைக் கையுறை, சிவப்பு ஷூ எல்லாம். ஒருமுறை ஒரு சிறுமி அந்த வெள்ளைப் பரப்பை இரண்டாகப் பிரித்து வரைந்துவிட்டு, உடனே ரப்பரை எடுத்து அழித்தாள். ஏன் என்று கேட்டேன். "பிரிச்சா வேற ஏதோ எலி மாதிரி இருக்கு மிஸ்" என்றாள்.

2019 ஏப்ரல் 30 அன்று சோனிக் படத்தின் முதல் ட்ரெய்லர் வந்தபோது உலகம் முழுக்க ரசிகர்கள் சொன்னதும் இதையேதான். கண்கள் சின்னதாகி, நடுவில் நிறைய ரோமத்தோடு விலகி நின்றன. வாயைத் திறந்தால் வரிசையாக மனிதப் பற்கள். கையுறை இல்லை, கையே வெள்ளை ரோமமாக இருந்தது. உடம்பும் காலும் ஒரு மெலிந்த மனிதப் பையனுடையவை போல நீண்டிருந்தன. இரண்டே நாளில் இயக்குநர் ஜெஃப் ஃபௌலர், வடிவத்தை மாற்றுகிறோம் என்று வெளிப்படையாக அறிவித்தார். 2019 நவம்பர் 8-இல் வர வேண்டிய படம் 2020 பிப்ரவரி 14-க்குத் தள்ளிப்போனது. மாற்றும் பொறுப்பு டைசன் ஹெஸ்ஸிடம் போனது. அவர் ஏற்கெனவே சோனிக் காமிக்ஸ் வரைந்தவர், 'சோனிக் மேனியா' விளையாட்டின் தொடக்க அனிமேஷனை இயக்கியவர். அதாவது, அந்த உருவத்தைக் கைப்பழக்கமாக அறிந்த ஒருவர்.

மாற்றிய உருவத்தைக் கொஞ்சம் உற்றுப் பார்க்கும்படி உங்கள் கட்டுரையாளரைக் கேட்டுக்கொள்கிறேன். அவர்கள் பழைய கார்ட்டூனை வெட்டி ஒட்டவில்லை. ரோமம் அப்படியே இருக்கிறது, வெளிச்சம் படும்போது ஒவ்வொரு இழையும் தெரிகிறது. கண்கள்கூட முழுசாக ஒட்டிக்கொள்ளவில்லை. பெரிதாகி, நெருங்கி வந்தன, அவ்வளவுதான். கையுறை திரும்பியது, பற்கள் உறுத்தாமல் அடங்கின, தலைக்கும் உடம்புக்கும் உள்ள அளவு பழைய கணக்குக்கு வந்தது. ரசிகர்கள் ஏற்றுக்கொண்டார்கள். 'ரசிகர்களுக்கு ஒரு மயிரிழைகூட மாறக் கூடாது' என்று கட்டுரை சொல்வது இந்த இடத்தில் பொருந்தவில்லை. எந்தக் கோடு மாறினால் பரவாயில்லை, எந்தக் கோடு மாறினால் ஆளே மாறிவிடுகிறான் என்ற வித்தியாசத்தைத்தான் அவர்கள் சொன்னார்கள். அது ஓவியம் தெரிந்தவர்களின் பேச்சு. நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஆயிரம் தடவை வரைந்தவர்களுக்கு அது தெரியாமல் வேறு யாருக்குத் தெரியும்?

கார்ட்டூன் வரைபவர் ஒரு முகத்தை எளிமையாக்கும்போது ஒவ்வொன்றாக எடுத்துவிடுகிறார். மூக்குத்துளை வேண்டாம், உதட்டுச் சுருக்கம் வேண்டாம், பல்லுக்கு ஒரே வெள்ளைப் பட்டை போதும். வேண்டுமென்றேதான் எடுக்கிறார், வரையத் தெரியாமல் அல்ல. படமாக்குகிறவர்கள் 'நிஜமாக இருக்கட்டும்' என்று அவர் எடுத்ததையெல்லாம் திரும்பக் கொண்டுவந்து ஒட்டும்போதுதான் உருவம் கெடுகிறது. 2014-இல் வந்த சினிமாவில் நிஞ்ஜா ஆமைகளுக்கு மனித மூக்குத்துளையும் உதடும் வைத்தார்கள். பலருக்கு அந்த முகங்களைப் பார்க்கவே ஒரு மாதிரி இருந்தது. ஜப்பானிய ரோபோ ஆய்வாளர் மசாஹிரோ மோரி 1970-லேயே இதைப் பற்றி எழுதியிருக்கிறார். ஓர் உருவம் மனிதனை நெருங்க நெருங்க நமக்குப் பிடித்துக்கொண்டே வரும், ஆனால் ஏறக்குறைய மனிதன் என்ற இடத்தை எட்டியதும் சட்டென்று அருவருப்பாகிவிடும் என்றார். முள்ளெலியின் வாயில் மனிதப் பல்லைப் பார்த்தவர்களுக்கு வந்தது அந்த உணர்வுதான். அதைச் சிறுபிள்ளைத்தனம் என்று எப்படிச் சொல்வது?

அதே 2019 மே மாதம் வந்த பிகாச்சு படத்தில், போக்கிமான் கார்ட்டூனின் மஞ்சள் குட்டி உயிரினமான பிகாச்சுவுக்கும் ரோமம் முளைத்திருந்தது. இருந்தும் பெரும்பாலான ரசிகர்கள் கொண்டாடினார்கள். பெரிய கரிய கண், சிவந்த கன்னம், மின்னல் வால், உருண்டை உடம்பு எதிலும் கை வைக்கவில்லை. போக்கிமான்களை நிஜ விலங்குகள் போல வரைந்து பெயரெடுத்த ரசிக ஓவியர் ஒருவரையே அந்தப் படக்குழு வேலைக்குச் சேர்த்துக்கொண்டது.

இதற்கு நேரெதிரான வருத்தம் ஒன்று எனக்கு உண்டு. அதே வருடம் வந்த 'தி லயன் கிங்'. அதில் எதுவும் அசிங்கமாக இல்லை. ஒவ்வொரு பிடரி முடியும் அவ்வளவு அழகு. ஆனால் 1994 கார்ட்டூனில் மந்தை ஓடி முடிந்த பிறகு, சிங்கக்குட்டி சிம்பா இறந்துகிடக்கும் அப்பாவின் காதைப் பிடித்து இழுத்து எழுப்பும் காட்சியை நினைத்துப் பாருங்கள். அந்தக் குட்டியின் புருவம் நடுவில் ஏறி, இரண்டு ஓரமும் சரியும். கண் விரியும். அந்தப் புருவக் கோடு மட்டும்தான், அதைப் பார்த்து நான் எத்தனை தடவை அழுதிருக்கிறேன் என்று கணக்கே இல்லை. நிஜச் சிங்கத்துக்கு அப்படி ஒரு புருவம் கிடையாது. அதனால் புதிய சிம்பாவுக்கும் இல்லை. குரல் அழுகிறது, முகம் அழ மறுக்கிறது. என் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்த அக்கா மகன், "சித்தி, அவனுக்கு அழுகையே வரலையா?" என்று மெதுவாகக் கேட்டான். எனக்குத் தொண்டை அடைத்தது, ஆனால் காட்சியால் அல்ல.

அந்தப் படம் 160 கோடி டாலருக்கு மேல் வசூலித்தது. கட்டுரையாளர் இந்த வசூலைத்தான் காட்டி, மக்கள் ஏற்றுக்கொண்டுவிட்டார்கள், குறை சொல்பவர்கள் சிறு கூட்டம் என்கிறார். மக்கள் பழைய சிம்பா மீதிருந்த பாசத்தோடு டிக்கெட் வாங்கினார்கள். டிக்கெட் வாங்கும்போது யாரும் புருவத்தைப் பார்க்கவில்லை.

சரி, ரசிகர்கள் எப்போதும் சரியா? இல்லை. 2019 பிப்ரவரியில் அலாவுதீன் படத்தின் விளம்பரத்தில் வில் ஸ்மித் நீல பூதமாக வந்ததும் ஊரே கைகொட்டிச் சிரித்தது. நானும் முகம் சுளித்தேன். படத்தைப் பார்த்தபோது அவருடைய துள்ளலில் நீல நிறம் மறந்தே போனது. 2007-இல் டிரான்ஸ்ஃபார்மர்ஸ் வந்தபோதும் ரசிகர்கள் கொதித்தார்கள். கார்ட்டூனில் தட்டை மூக்கு லாரியாக உருமாறும் ரோபோவாக இருந்த ஆப்டிமஸ் பிரைம் நீள மூக்கு லாரியானார், உடம்பில் தீச்சுவாலை வேறு. ஆனால் கார்ட்டூனில் பேசிய பீட்டர் கல்லனையே குரல் கொடுக்க அழைத்திருந்தார்கள். அந்தக் குரலைக் கேட்டதும் பாதிக் கோபம் கரைந்தது. அப்புறம் 2018-இல் அதே வரிசையின் 'பம்பிள்பீ' படம் பழைய வட்டமான வோக்ஸ்வேகன் காருக்கும் பழைய எளிய உருவங்களுக்கும் திரும்பியபோது, பதினோரு வருடம் காத்திருந்தவர்கள் போல மகிழ்ந்தார்கள்.

இனி நான் ஒப்புக்கொள்ளும் பாதி. 'தி லிட்டில் மெர்மெய்ட்' படத்தில், கார்ட்டூனில் வெள்ளை நிறக் கடற்கன்னியாக இருந்த ஏரியலாகக் கறுப்பினப் பெண்ணான ஹாலி பெய்லி நடிக்கிறார் என்று 2019 ஜூலையில் அறிவித்த நாளிலிருந்து அந்த இளம்பெண்ணின் மீது கொட்டப்பட்டதை விமர்சனம் என்று சொல்ல நான் தயாரில்லை. ஏரியல் என்றால் கடலுக்கு மேலே என்ன இருக்கிறது என்று எட்டிப்பார்க்கும் ஆசை, ஒரு குரல். இரண்டும் அவரிடம் நிறையவே இருந்தன. தோலின் நிறம் கார்ட்டூனின் உயிர்க்கோடு அல்ல. அதே படத்தில் ஏரியலின் தோழனான ஃப்ளவுண்டர் மீனைப் பற்றிக் குறை சொன்னால் அதில் நியாயம் உண்டு. கொழுகொழு கன்னமும் முன்னால் பார்க்கும் கண்ணுமாக இருந்த மீனை, கண் இரண்டும் பக்கவாட்டில் போன தட்டையான நிஜ மீனாக்கிவிட்டார்கள். தோழியை நேருக்கு நேர் பார்க்கவே அதனால் முடியவில்லை. இந்த இரண்டு விதப் பேச்சையும் ஒரே மூட்டையில் கட்டியதுதான் கட்டுரையின் பெரிய பிழை என்று நினைக்கிறேன். 'ரசிகர் கூச்சல்' என்ற ஒரே சொல்லில் வெறுப்பும் ஒளிந்துகொள்கிறது, அக்கறையும் அடிபட்டுப் போகிறது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். சோனிக்கை மாற்றியதைப் பற்றிப் பேசும்போது எல்லாரும் ரசிகர்களின் வெற்றி என்கிறார்கள். மாற்றி வரைந்த கைகளைப் பற்றிப் பேச்சே இல்லை. அந்தப் படத்துக்கு வேலை செய்த எம்பிசி என்ற கணினி வரைகலை நிறுவனத்தின் வான்கூவர் (கனடா) ஸ்டுடியோ, படம் திரைக்கு வருவதற்கு முன்பே, 2019 டிசம்பரில் மூடப்பட்டது. சந்தை நெருக்கடியைத்தான் நிறுவனம் காரணமாகச் சொன்னது. காரணம் எதுவானாலும், பற்களைத் திருத்தி, கண்களை நெருக்கி, நமக்குப் பிடித்த சோனிக்கைத் திருப்பிக் கொடுத்தவர்களில் பலர் படம் ஜெயித்ததை வேலையில்லாமல்தான் பார்த்திருப்பார்கள். முதல் உருவத்தை அங்கீகரித்தவர்கள் அந்த ஓவியர்கள் அல்ல. மேலே உட்கார்ந்திருந்தவர்கள். கோபப்படுகிறவர்கள் அதை யார் பக்கம் திருப்புகிறோம் என்று பார்த்துத் திருப்ப வேண்டும். ட்ரெய்லர் தயாராவதற்கு முன்பே பழைய ஓவியர்களையும் ரசிக ஓவியர்களையும் கூப்பிட்டுக் காட்டியிருந்தால் அந்த இரட்டை வேலையே வந்திருக்காது.

கடைசியாக உங்களிடம் ஒரு வேண்டுகோள். அந்தக் கட்டுரையோடு பட போஸ்டரை மட்டும்தான் வெளியிட்டிருந்தீர்கள். அடுத்த முறை இந்த விஷயத்தைத் தொடும்போது கார்ட்டூன் முகத்தையும் சினிமா முகத்தையும் ஒரே அளவில் பக்கத்தில் பக்கத்தில் போடுங்கள். தலைப்பும் விளக்கமும் இல்லாமல் போட்டாலும் போதும். என் வகுப்புப் பிள்ளைகளிடம் காட்டி, எந்தக் கோடு மாறியிருக்கிறது என்று வட்டம் போடச் சொல்லி, அந்தத் தாள்களை உங்களுக்கே அனுப்பிவைக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகி,
ஓர் ஓவிய ஆசிரியை