பாட்டில்லாத சீடி பற்றி எங்கள் வாடிக்கையாளர்களுக்கு

அன்புடையீர், வணக்கம்.

இரண்டு கிழமையாக வாட்ஸ்அப்பில் சுற்றும் குரல் பதிவை நீங்களும் கேட்டிருப்பீர்கள். எங்களிடம் வாங்கிய ஜோன் போல் ஜோன்ஸின் 'சூமா' சீடியில் பாட்டே இல்லையாம், குரலை அழித்துக் கள்ளப் பிரதி விற்கிறோமாம். கள்ளப் பிரதி என்ற சொல்தான் தாங்க முடியவில்லை. கசெட் காலத்தில் பதிந்து கொடுத்தோம், அதை மறைக்கவில்லை. சீடி விற்கத் தொடங்கிய நாளிலிருந்து ஒரு கள்ளப் பிரதிகூட இந்தக் கடைக்குள் வந்ததில்லை.

அந்த சீடியில் குரல் இல்லை, உண்மைதான். 1999இல் வெளிவந்தபோதே இல்லை. லெட் செப்பெலின் என்ற இங்கிலாந்து ரொக் இசைக்குழுவில் 1968 தொடக்கம் பேஸ், அதாவது அடிச்சத்தம் தரும் கிட்டார், வாசித்தவர் ஜோன்ஸ். ட்ரம்ஸ் வாசித்த ஜோன் பொன்ஹம் 1980இல் இறந்ததோடு அந்தக் குழு நின்றது. ஒரு படத்துக்குப் போட்ட இசையை விட்டால், தன் பெயரில் இந்தத் தனி ஆல்பம் போட ஜோன்ஸுக்கு 53 வயதாகிவிட்டது. ஒன்பது உருப்படியும் வாத்தியம்தான். பத்துக் கம்பி, பன்னிரண்டு கம்பி பேஸ்கூட வாசித்திருக்கிறார். கோயில் திருவிழாவில் தவில் தனியாவர்த்தனத்துக்கு விடிய விடிய நிற்கிற ஊருக்கு இது புதிதா?

அந்தக் குரல் பதிவைப் போட்ட ஐயா கடைக்கு வந்தபோது எதில் கேட்டீர்கள் என்று விசாரித்தோம். மகன் ஃபோனில் ஏற்றிக் கொடுத்தாராம். பேஸின் தடித்த கம்பி செக்கனுக்கு 41 தடவைதான் அதிரும். அந்த அடிச்சத்தத்தை ஃபோன் ஸ்பீக்கர் தராது. கடையின் பெரிய செட்டில் போட்டோம். கிட்டார் மீட்டும் பிக் போட்டு வைக்கும் டொபி டின் கண்ணாடி அலுமாரியின் மேல் மெல்ல நகர்ந்தது. ஐயா அலுமாரியில் உள்ளங்கையை வைத்தபடி மூன்றாவது உருப்படி முடியும்வரை நின்றார். ஆனால் பதிவு இன்னும் சுற்றிக்கொண்டுதான் இருக்கிறது.

பிழை எங்களிலும் உண்டு. எதையும் விளக்கிச் சொல்லி விற்கும் தம்பி கட்டாருக்குப் போய்விட்டார். புதியவர் 'லெட் செப்பெலின் ஆள்' என்று மட்டும் சொல்லிக் கொடுத்திருக்கிறார். மன்னித்துக்கொள்ளுங்கள். இனிமேல் 'வாத்திய இசை' என்று உறையில் எழுதி ஒட்டுவோம். வாங்குமுன் கேட்டுப் பார்க்க நல்ல ஹெட்ஃபோனும் வைத்திருக்கிறோம். திறந்த சீடிக்குக் காசு திருப்பித் தர முடியாது, அதே பெறுமதிக்கு வேறு பொருள் எடுக்கலாம்.

பதிவைக் கேட்டதும் நேரே வந்து, "அண்ணை, எங்களுக்கும் ஒன்று தாங்கோ" என்ற உப்புவெளி இசைக்குழுப் பெடியளுக்கும், சுனாமிக்குப் பிறகு கடை திறந்த அன்று முதல் ஆளாக வந்து, இன்றும் கம்பி வாங்க எங்களிடமே வருகிற தேவாலயப் பாடகர் குழுவினருக்கும் எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை.

இன்னும் ஆறு பிரதி இருக்கிறது. பின்னேரம் வாருங்கள், பெரிய செட்டில் போட்டுக் காட்டுகிறோம்.

இப்படிக்கு,
கடை உரிமையாளர்,
திருகோணமலை