வாசகர் வட்ட ஆண்டறிக்கை: தேதிகள் நகர்ந்த கணக்கு

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, ஊர்ப் பெரியோர்களே, உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

கடந்த ஏப்ரல் முதல் இந்த மார்ச் வரையிலான அறிக்கையை முன்வைக்கிறேன். மாதக் கூட்டங்கள் முறைப்படி நடந்தன. மாரியம்மன் பண்டிகையும் ஆடிப்பெருக்கும் குறுக்கிட்டபோது மட்டும் அடுத்த வாரத்துக்குத் தள்ளி வைத்தோம். சந்தா நிலுவை பற்றிப் பொருளாளர் பேசுவார். அதை நான் தொடவில்லை.

இவ்வாண்டுக்கு எடுத்துக்கொண்ட பொருள் உலக வரலாறும் பண்டிகைகளும். நூலக வாசல் கரும்பலகையில் வாரம் ஒரு வியப்பான செய்தி எழுதப்பட்டது. ஆண்டு, இடம், காரணம் மூன்றும் இருந்தால்தான் சாக்பீஸைக் கையில் எடுக்கலாம் என்று விதி வைத்தோம். வாட்ஸ்அப்பில் வந்தவற்றில் பெரும்பாலானவை மூன்றாவதில் அடிபட்டுப் போயின.

உதாரணம் ஆகஸ்ட் மாதம். ரோமப் பேரரசர் அகஸ்டஸ் தன் பெயர் கொண்ட மாதம் குறைபடக் கூடாது என்று பிப்ரவரியில் ஒரு நாளைப் பிடுங்கிக்கொண்டார் என்ற கதை ஊரெல்லாம் சுற்றுகிறது. ஜூலியஸ் சீசர் செய்த திருத்தத்திலேயே அந்த மாதத்துக்கு 31 நாள் வந்துவிட்டது. கி.மு. 8-இல் மாறியது பெயர் மட்டும். கதையை ஒதுக்கிவிட்டு, அந்தத் திருத்தத்துக்காகக் கி.மு. 46-ஆம் ஆண்டு 445 நாள் இழுத்தது என்பதை எழுதினோம். கோவை வெள்ளலூரில் கிடைத்த ரோமானிய வெள்ளிக் காசுகளில் முகம் காட்டுபவரும் இதே அகஸ்டஸ்தான்.

உலகப் புத்தக நாளான ஏப்ரல் 23-க்கும் இதே கதி. ஷேக்ஸ்பியரும் ஸ்பானிய எழுத்தாளர் செர்வாண்டஸும் 1616-இல் ஒரே நாளில் மறைந்தார்கள் என்பார்கள். ஸ்பெயின் 1582-இலேயே, இன்று நாம் பயன்படுத்தும் கிரிகோரியன் காலண்டருக்கு மாறிவிட்டது. அங்கே அக்டோபர் 4-க்கு மறுநாள் அக்டோபர் 15. இங்கிலாந்து ஜூலியஸ் சீசரின் பழைய கணக்கிலேயே இருந்தது. ஆக, இருவருக்கும் நடுவே பத்து நாள் இடைவெளி. போதாக்குறைக்கு, செர்வாண்டஸ் இறந்தது 22-ஆம் தேதி. 23 அடக்கம் செய்த நாள்.

பழைய தேதியைப் புதியதாக மாற்றும் கணக்கைப் பலர் கேட்டதால் இங்கே பதிகிறேன். 1582 முதல் 1700 பிப்ரவரி வரை 10 நாள் கூட்ட வேண்டும். 1800 பிப்ரவரி வரை 11, 1900 பிப்ரவரி வரை 12, அதற்குப் பின் 13. 1700, 1800, 1900 மூன்றும் பழைய முறையில் லீப் ஆண்டுகள், புதிய முறையில் இல்லை. 2000 இரண்டிலும் லீப் என்பதால் 13 அப்படியே நிற்கிறது. ரஷ்யாவில் கிறிஸ்துமஸ் ஜனவரி 7-இல் வருவதும், அக்டோபர் 25-இல் நடந்த புரட்சியை நவம்பர் 7-இல் கொண்டாடியதும் இதனால்தான். எல்லாவற்றுக்கும் 11 கூட்டுவதுதான் வழக்கமாக நடக்கும் பிழை. இன்னொன்று: 1752-க்கு முன் இங்கிலாந்தில் ஆண்டு மார்ச் 25-இல்தான் பிறந்தது. அரசர் முதலாம் சார்லஸ் தலை துண்டிக்கப்பட்ட 1649 ஜனவரி 30, அன்றைய ஆவணங்களில் 1648 என்றே இருக்கும். அந்த மார்ச் 25-உடன் 11 கூட்டினால் ஏப்ரல் 5. பிரிட்டனில் தனிநபர் வரி ஆண்டு இன்றும் அன்றைக்குத்தான் முடிகிறது, பொருளாளர் கவனிக்க.

தாய்லாந்தின் 1940 பலரையும் வாய்பிளக்க வைத்தது. அதுவரை ஏப்ரல் 1 புத்தாண்டு. 1941 முதல் ஜனவரி 1 என்று மாற்றியதால் பௌத்த ஆண்டு 2483-க்கு ஒன்பதே மாதம். ஆங்கில ஆண்டை அறிய அங்குள்ள ஆண்டில் 543 கழிப்பது வழக்கம். 1941-க்கு முந்தைய ஜனவரி, பிப்ரவரி, மார்ச் தேதி என்றால் 542தான் கழிக்க வேண்டும்.

இனி நிழல் அளந்த வேலை. தை முதல் நாள் சூரியன் வடக்கே திரும்புகிறது என்கிறோம். வானில் அது திரும்புவது டிசம்பர் 21 அல்லது 22. நம் மாதப் பிறப்பு நட்சத்திரங்களை வைத்துப் பார்க்கும் கணக்கு. அந்தக் கணக்கின் ஆண்டு ஆங்கில ஆண்டைவிட ஏறக்குறைய 20 நிமிடம் நீளம். 72 ஆண்டுக்கு ஒரு நாள் பொங்கல் தள்ளிப்போகும். விவேகானந்தர் மகர சங்கராந்தியன்று பிறந்தார். 1863-இல் அது ஜனவரி 12.

காப்புக்கட்டும் பூளைப்பூவுமாக ஊர் பரபரக்கும் வேளையில் நிழல் அளக்கக் கம்பு நட ஆள் கிடைப்பது சிரமம். ஆகவே முறையை எழுதி வைக்கிறேன். சமதளத்தில் தரைக்கு மேல் சரியாக 1 மீட்டர் நிற்கும்படி கம்பு நட வேண்டும். கொத்தனாரின் தூக்குக்குண்டை இரண்டு பக்கமும் பிடித்து நேர் பார்க்க வேண்டும். கம்பு ஒரு டிகிரி சாய்ந்தாலும் இரண்டு செ.மீ. போல மாறிவிடும். நிழல் மிகக் குட்டையாகும் உச்சி வேளையில் அளக்க வேண்டும். ஈரோட்டில் அது 12 மணிக்கு வராது. டிசம்பர் 21-இல் சுமார் 12.17, பொங்கலன்று சுமார் 12.28. பொங்கலன்று 12 மணிக்கே அளந்தால் நிழல் 2 செ.மீ. வரை கூடுதலாகக் காட்டும். நிழலின் நுனி ஒரு செ.மீ. அகலத்துக்கு மங்கலாகத் தெரியும். மங்கலின் நடுவில் கோடு போடுங்கள். ஈரோட்டு அட்சரேகைக்கு டிசம்பர் 21-இல் சுமார் 69 செ.மீ., பொங்கலன்று சுமார் 64 செ.மீ. வர வேண்டும். பொங்கல் வருமுன்பே நிழல் குறையத் தொடங்கிவிட்டது என்பதற்கு அந்த 5 செ.மீ. போதும். பஞ்சாங்கம் தப்பு என்று சொல்ல இதைப் பயன்படுத்த வேண்டாம். அது வேறு அளவுகோல், அவ்வளவே.

ஆடி முதல் நாள் தேங்காய் சுடும் நோன்பிலும் இதே இடைவெளி உண்டு: சூரியன் தெற்கே திரும்புவது ஜூன் 21, ஆடி பிறப்பது ஜூலை நடுவில். தேங்காயைப் பற்றி ஒரு வார்த்தை. அவல், எள், வெல்லம், பொட்டுக்கடலையைக் கண் வழியே முழுக்கத் திணித்தால் உள்ளே ஆவிக்கு இடமில்லாமல் வெடிக்கும். முக்கால் பங்குக்கு மேல் வேண்டாம். இளநீரும் கொஞ்சம் இருக்கட்டும்.

வரும் ஆண்டில் ஏப்ரல் மூன்றாம் வாரத்திலும் ஆகஸ்ட் நான்காம் வாரத்திலும் நம் பகுதியில் உச்சி நிழல் கம்பின் காலடியிலேயே விழும். அந்த நாட்களைப் பள்ளிப் பிள்ளைகளோடு பார்க்கச் செயற்குழு பரிந்துரைக்கிறது. ஒரு இரும்புக் கம்பி, தூக்குக்குண்டு, கம்பி நட சிமென்ட், இவற்றுக்கான செலவுக்குப் பொதுக்குழு ஒப்புதல் வேண்டும். இவ்வறிக்கையை ஏற்றுக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்