பழைய வாளை பளபளன்னு தேய்க்காதீங்க

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்,

ஆயுத பூஜைக்கு மறுநாள் உங்க பேப்பர்ல ஒரு போட்டோ வந்திருந்துச்சு. பழைய வீட்டு கூடத்துல பரம்பரை வாள் ஒண்ணு, கட்டாரி, அதான் முட்டியில புடிச்சு குத்துற குத்துவாள், ரெண்டு, ஒரு கேடயம், எல்லாத்துக்கும் சந்தனம் குங்குமம் வச்சு பக்கத்துல பொரி கடலை. முன்னோர் ஆயுதமெல்லாம் கண்ணாடி மாதிரி மின்னுதுன்னு கீழ எழுதியிருந்தீங்க. பாத்ததும் எனக்கு வயித்த கலக்கிடுச்சு. பூஜைய நான் குறை சொல்லல, எங்க வீட்லயும் ஸ்பானர்ல இருந்து அருவாமனை வரைக்கும் பொட்டு வைக்கிறது உண்டு. ஆனா முன்னூறு வருஷ இரும்பு கண்ணாடி மாதிரி மின்னுதுன்னா யாரோ எமரி பேப்பர் போட்டு தேச்சிருக்காங்க, இல்லேன்னா பட்டறையில குடுத்து பஃபிங் வீல்ல காட்டியிருக்காங்கன்னு அர்த்தம். அத பெருமையா பேப்பர்ல வேற போட்டா அடுத்த வருஷம் இன்னும் நாலு வீட்ல தேய்ப்பாங்க, அதனாலதான் இந்த லெட்டர்.

நான் பழைய ஆயுதம் சேக்கற பெரிய ஆள் எல்லாம் இல்ல, காசு இருக்கிற ஆளும் இல்ல. பழைய இரும்புக் கடை, காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெரு கடைங்க, பரண் காலி பண்றவங்க வீடுன்னு சுத்தி சுத்தி கொஞ்சம் சேத்து வச்சிருக்கேன், அவ்ளோதான். காரைக்குடி கடையில பர்மா அரக்கு டப்பாவுக்கும் எனாமல் தூக்குச்சட்டிக்கும் ரவிவர்மா படத்துக்கும் நல்ல மரியாதை இருக்கு, சின்ன கீறல் விழுந்தா கூட விலை குறையும்னு கடைக்காரருக்கு தெரியும், பஞ்சு சுத்தி வைக்கிறார். அதே கடையில வாளும் கட்டாரியும் ஒரு டிரம்முல சொருகி கிடக்கும். இரும்புதானே, துரு ஏறினா தேச்சுக்கலாம்ங்கற நெனப்புதான் எல்லார்கிட்டயும்.

தேய்க்கிறதுல என்ன போகுதுன்னு கொஞ்சம் சொல்லிடறேன். பழைய வாள் கைப்பிடியில தங்கக் கோடு, பூ, கொடி எல்லாம் இருக்கும், அது உருக்கி ஊத்துனது இல்ல. இரும்பு மேல ஊசி மாதிரி உளியால குறுக்கும் நெடுக்குமா சன்னமா கீறி, அந்த சொரசொரப்பு மேல தங்கக் கம்பிய வச்சு தட்டி தட்டி ஏத்துனது, கோஃப்த்காரின்னு வடக்க சொல்வாங்க. அந்த தங்கம் தலைமுடி கனம் கூட இருக்காது. புளியும் மண்ணும் போட்டு ரெண்டு தீபாவளிக்கு தேச்சா போச்சு, அப்புறம் எந்த ஆசாரியாலயும் அத திருப்பி கொண்டு வர முடியாது. இன்னொண்ணு புள்ளி எழுத்து. 1689 வாக்குல அவுரங்கசீப் படையில இருந்த பிகானேர் ராஜா அனூப் சிங் ஆதோனி கோட்டை சண்டையில கெடச்ச ஆயுதத்த எல்லாம் ஊருக்கு அள்ளிட்டு போனார், போனதும் ஆயுத சாலைக்காரங்க ஒவ்வொண்ணு மேலயும் சின்ன சின்ன புள்ளியா குத்தி நாகரி எழுத்துல விவரம் பொறிச்சு வச்சாங்க. ஆதோனி நம்ம பக்கத்துல ஆந்திரா கர்நூல் ஜில்லாதான். தக்காணத்து ஆயுதம் எது எந்த காலம்னு இன்னிக்கு ஆராய்ச்சிக்காரங்க சொல்றாங்கன்னா அதுல பெரிய பங்கு இந்த புள்ளிங்களுக்குத்தான், ஏன்னா 1689க்கு அப்புறம் அந்த பொருள் செஞ்சிருக்க முடியாதுன்னு அது சத்தியம் பண்ணுது. கிரைண்டர் ஒரு தடவ மேல போனா அந்த சத்தியம் காலி.

அலகுல வர்ற நீரோட்டம் மாதிரி கோடு இன்னொரு கதை. மூசையில, அதாவது மண் குப்பியில, இரும்பையும் கரியையும் அடச்சு வச்சு உருக்கி எடுத்த எஃகு அது, வெளிநாட்டுக்காரன் ஊட்ஸ்னு சொல்றது. நம்ம தமிழ்நாட்டு கொடுமணல்லயும் மேல்சிறுவளூர்லயும் அந்த தொழில் நடந்த தடயம் கெடச்சிருக்கு, 1790கள்ல லண்டன் ராயல் சொசைட்டிக்கு சாம்பிள் போயி, 1820 வாக்குல விஞ்ஞானி மைக்கேல் ஃபாரடே உக்காந்து இது எப்படிடா செஞ்சாங்கன்னு மண்டைய ஒடச்சுக்கிட்ட சரக்கு. நியாயமா ஒண்ணு சொல்லணும், மேலோட்டமா தேச்சா இந்த கோடு மறையுமே தவிர அழியாது, விஷயம் தெரிஞ்சவர் லேசா ஆசிட் காட்டினா திரும்ப வரும். ஆனா வளைஞ்சிருக்குன்னு உலையில போட்டு அளவுக்கு மீறி காய்ச்சி நிமித்துனா அந்த கோடு எஃகுக்குள்ளயே செத்துடும். அப்புறம் அதுவும் ஒண்ணு, கோயில்ல கறுப்பருக்கு வைக்கிற திருப்பாச்சேத்தி அருவாளும் ஒண்ணு. திருப்பாச்சேத்தி ஆசாரிமாருங்க கோச்சுக்காதீங்க, உங்க அருவா வேலைக்கு ஒசத்தி, நான் சொல்றது வேற.

இப்ப நம்ம தஞ்சாவூருக்கு வரேன். அரண்மனையில ஆயுத கோபுரம்னு ஒண்ணு இருக்கே, டூரிஸ்ட் எல்லாம் அண்ணாந்து பாத்துட்டு செல்ஃபி எடுத்துட்டு போறது, நாயக்கர் காலத்து ஆயுதமும் அதுக்கப்புறம் மராத்தியர் சேத்ததும் எல்லாம் அந்த அரண்மனையிலதான் இருந்துச்சு. 1855ல ரெண்டாம் சிவாஜி ஆண் வாரிசு இல்லாம செத்ததும் கும்பினி, அதான் கிழக்கிந்திய கம்பெனி, ராஜ்யத்த எடுத்துக்கிச்சு. அப்புறம் 1860கள்ல அந்த ஆயுதக் குவியல பிரிச்சாங்க. நல்லதுன்னு பட்டத கொஞ்சம் எழும்பூர்ல இருக்கிற மெட்ராஸ் மியூசியத்துக்கு எடுத்து வச்சாங்க, மிச்சம் எல்லாம் ஒடச்சு பழைய இரும்பா எடைக்கு போயிடுச்சு. வால்ஹவுஸ்னு ஒரு சிவில் சர்வீஸ் அதிகாரி 1878ல இத பத்தி ஒரு ஆராய்ச்சி பத்திரிகையில கட்டுரையே எழுதி வச்சிருக்கார், அது இல்லேன்னா நமக்கு இந்த கதையே தெரிஞ்சிருக்காது. எடைக்கு போட்டதுல என்னென்ன இருந்திருக்கும்னு யோசிச்சா தூக்கம் வராது எனக்கு.

ஏன் இவ்ளோ புலம்பறேன்னா தஞ்சாவூர் கட்டாரி மாதிரி ஒரு பொருள் உலகத்துல வேற எங்கயும் செய்யல. வடக்கத்தி கட்டாரிக்கு பிடி மட்டும்தான், ரெண்டு கம்பிக்கு நடுவுல குறுக்கு கட்டை, அத முட்டிக்குள்ள புடிச்சு குத்துறது. தெற்கத்தி பழைய கட்டாரிக்கு புறங்கைய மூடுற மாதிரி மேல ஒரு இலை வடிவ தகடு வரும், அந்த தகட்டுல, பக்க கம்பியில எல்லாம் யாளி, மகரம், கிளி, கொடின்னு இரும்புலயே செதுக்கி வச்சிருப்பாங்க. கல்லுல செதுக்குறதே கஷ்டம், இவங்க கெட்டி இரும்ப உளியால செதுக்கியிருக்காங்க, ஊடால ஓட்டை ஓட்டையா வெளிச்சம் வர்ற மாதிரி. அலகு பாத்தா நெறைய கட்டாரியில ஐரோப்பிய வாளோட துண்டு! கப்பல்ல வந்த நீட்டு வாள் ஒடஞ்சா அத தூக்கி போடாம வெட்டி, பிடியில இருந்து வர்ற பட்டைக்கு நடுவுல வச்சு ரிவிட் அடிச்சிருக்காங்க. பிடி தஞ்சாவூர், அலகு எங்கயோ இத்தாலி ஜெர்மனி. இந்த மாதிரி 17ம் நூற்றாண்டு கட்டாரிங்கள நியூயார்க் மெட்ரோபாலிட்டன் மியூசியத்துல பாக்கலாம், அதுல பல ஜார்ஜ் கேமரன் ஸ்டோன்னு ஆயுதம் சேக்கற ஒரு அமெரிக்கக்காரர் 1935ல செத்தப்ப உயில் எழுதி குடுத்துட்டு போனது. அந்தாளு தொழில்ல உலோக இஞ்சினியர், அதான் இரும்போட அருமை தெரிஞ்சிருக்கு. வெள்ளக்காரன் அள்ளிட்டு போயிட்டான்னு திட்டறது சுலபம், ஆனா எடைக்கு போனத விட அங்க போனது பொழச்சுதுன்னுதான் எனக்கு தோணுது, இத சொன்னா நெறைய பேர் என்னோட சண்டைக்கு வர்றாங்க, வரட்டும்.

சிவகங்கை பக்கமும் இதே கதைதான். 1801ல மருது சகோதரர்கள தூக்குல போட்டப்புறம் பாளையக்காரங்களும் ஜனங்களும் ஆயுதம் வச்சிருக்கக் கூடாதுன்னு கும்பினி அறிவிப்பு போட்டுச்சு. வளைஞ்ச எறி ஆயுதம் வளரி, அத எத்தன பேர் இன்னிக்கு நேர்ல பாத்திருப்பாங்க சொல்லுங்க, புதுக்கோட்டை மியூசியம் போனா பாக்கலாம். பயந்து கெணத்துல போட்டது, அடுப்புல வச்சதுன்னு எவ்ளோ போயிருக்கும்.

இப்பவும் பயம்தான் பெரிய எதிரி. வீட்ல பழைய வாள் இருக்குன்னு வெளிய தெரிஞ்சா போலீஸ் கேஸ் ஆயிடும், தொல்லியல் துறை வந்து தூக்கிட்டு போயிடும்னு நெனச்சு பேசாம காயலான் கடைக்கு போடுற குடும்பங்கள நானே பாத்திருக்கேன். 1972 தொல்பொருள் சட்டம் என்ன சொல்லுதுன்னா, நூறு வருஷம் தாண்டின பொருள வெளிநாட்டுக்கு கொண்டு போகக் கூடாது, வியாபாரம் பண்ணா லைசென்ஸ் வேணும். வீட்ல வச்சிருக்கிறதே குத்தம்னு அதுல இல்ல. கட்டாயம் பதிவு பண்ணணும்னு இருக்கிற பட்டியல்ல கல், உலோகம், தந்தம் மாதிரியான சிலைங்க, ஓவியம், படம் போட்ட சுவடி, மரச்சிற்பம் இதெல்லாம்தான் வருது. வாளும் கவசமும் அந்த பட்டியல்ல இல்ல. இது ஒரு பக்கம் நிம்மதி, இன்னொரு பக்கம் கேடு, ஏன்னா ஒரு நடராஜர் காணாம போனா பழைய போட்டோவ தேடி எடுத்து கேஸ் நடத்தி வெளிநாட்ல இருந்து திருப்பி கொண்டு வர முடியுது, ஒரு கட்டாரி காணாம போனா அது இருந்துச்சுங்கறதுக்கே சாட்சி கிடையாது.

ஜப்பான்காரங்க இதுல எங்கயோ போயிட்டாங்க. 1945ல தோத்தப்ப அமெரிக்க ராணுவம் வாள எல்லாம் புடுங்க ஆரம்பிச்சுது, மலை மலையா குவிச்சு உருக்கவும் கடல்ல போடவும் செஞ்சாங்க. அப்ப வாள் படிச்ச அறிஞர்ங்க போய் வாதாடி கலைப்பொருளா இருக்கிற வாளுக்கு விலக்கு வாங்குனாங்க, 1948ல அதுக்குன்னே ஒரு சங்கம் வச்சாங்க. இன்னிக்கு அங்க ஒவ்வொரு வாளுக்கும் மாகாண கல்வி வாரியம் குடுத்த ஒரு ரெஜிஸ்டர் சீட்டு இருக்கும், நீளம் இவ்ளோ, கையெழுத்து இன்னார்துன்னு போட்டு, வாள் கை மாறுனா சீட்டும் கூடவே போகும். சாணை பிடிக்கிறதுக்கு வருஷக்கணக்கா குரு கிட்ட படிச்ச ஆள்தான் கை வைப்பார். அவர் கூட பிடிக்குள்ள போற அலகோட அடிவால் இருக்கே, அந்த துருவ தொடவே மாட்டார்! அந்த கறுப்பு துருவ பாத்துதான் வாளோட வயச சொல்றாங்க, அத தேச்சுட்டா பாதி மதிப்பு போச்சு. நம்ம ஊர்ல மொத வேலையா அததான் தேய்க்கிறோம்.

சரி வீட்ல இருந்தா என்னதான் பண்றதுன்னு கேப்பாங்க. கறுப்பா பழுப்பா கெட்டியா இருக்கிறது பழைய துரு, அது பாட்டுக்கு இருக்கட்டும். செவப்பா பொடிப்பொடியா கையில ஒட்டுனா அதுதான் இப்ப தின்னுக்கிட்டு இருக்கிற துரு, தையல் மிஷின் எண்ணெய் நாலு நாள் தடவி ஊற வச்சு மூங்கில் குச்சியால மெதுவா எடுங்க, சாம்பல் புளி எலுமிச்சம்பழம் பிராசோ எதுவும் வேண்டாம். தோல் உறையில வாள சொருகி வைக்காதீங்க, தோல் ஈரத்த புடிச்சு வச்சுக்கும், தனித்தனியா வைங்க. வெறுங்கையால அலக தொட்டா வேர்வை உப்புல விரல் ரேகை அப்படியே துருவா பதியும். பொட்டு வைக்கணும்னா கைப்பிடியில நூல் சுத்தி அதுக்கு மேல வைங்க, சாமி ஒண்ணும் சொல்லாது.

வாங்கறவங்களுக்கும் ஒரு வார்த்தை. மார்க்கெட்ல வர்ற "ராஜா காலத்து" சாமான்ல முக்காவாசி நேத்து செஞ்சது, ஆசிட்ல முக்கி மண்ணுல பொதச்சு எடுத்தது. பிடிய லென்ஸ் வச்சு பாருங்க, பொடிப்பொடி குழியும் அச்சு சேந்த கோடும் தெரிஞ்சா அது வார்ப்பு, தட்டி செதுக்குனது இல்ல. அலகுல இருக்கிற நீரோட்ட கோடு ரெண்டு பக்கமும் ஒரே டிசைனா திரும்பத் திரும்ப வந்தா அது ஆசிட்ல வரஞ்சது. கைப்பிடிய அழுத்துனா கத்திரிக்கோல் மாதிரி விரியற கட்டாரிய பாத்து மயங்காதீங்க, அது பெரும்பாலும் வேடிக்கைக்கு பின்னாடி காலத்துல செஞ்சது. சங்கிலிக் கவசம்னா ஒவ்வொரு வளையத்தையும் பாருங்க, குட்டி ரிவிட் அடிச்சிருந்தா சண்டைக்கு செஞ்சதா இருக்க வாய்ப்பு அதிகம், சும்மா முனைய முட்ட வச்சிருந்தா தர்பாருக்கோ ஊர்வலத்துக்கோ செஞ்சதா இருக்கலாம்.

கடைசியா நான் கேக்கறது ரெண்டே விஷயம். எழும்பூர் மியூசியத்துல தஞ்சாவூர்ல இருந்து வந்த ஆயுதம் இருக்கு, 1860கள்ல எடைக்கு போகாம தப்பிச்சது அது. அதுல ஒவ்வொண்ணையும் ரெண்டு பக்கமும் போட்டோ எடுத்து, அலகு, ரிவிட், புள்ளி எழுத்து, கைப்பிடி எல்லாம் கிட்டத்துல காட்டி, எந்த அரண்மனையில இருந்து எந்த வருஷம் வந்துச்சுன்னு தமிழ்ல எழுதி யார் வேணா பாக்கற மாதிரி போடணும். அது இருந்தா கிராமத்துல ஒருத்தர் தன் வீட்டு கட்டாரிய பக்கத்துல வச்சு பாத்துக்குவார், எடைக்கு போட மனசு வராது. ரெண்டாவது, வாள் கட்டாரி கவசம் வச்சிருக்கிறவங்க விருப்பப்பட்டா ஜில்லா மியூசியத்துல போய் காட்டி, கேஸ் கீஸ் பயம் இல்லாம, பறிமுதல் பேச்சு இல்லாம, ஒரு போட்டோவும் அளவும் பதிஞ்சு ஜப்பான்காரன் மாதிரி ஒரு சீட்டு வாங்கிட்டு வர்ற வழி அரசாங்கம் பண்ணணும். உங்க ஞாயித்துக்கிழமை இணைப்புல அந்த அதிகாரிங்க கிட்ட இது முடியுமா முடியாதான்னு நேரா கேட்டு போடுங்க, முடியாதுன்னா ஏன்னு அவங்களே சொல்லட்டும்.

இப்படிக்கு,
உங்க பேப்பர பல வருஷமா வாங்கற வாசகர்,
கும்பகோணம்