முளைப்பாரிப் பெண்களை முன்வாசலிலேயே விடுங்கள்

மதிப்பிற்குரிய வளாக நிர்வாகத்தாருக்கும், முகப்பு மாற்றத்துக்கு வரைபடம் போட்டுக் கொடுத்த கட்டடக் கலைஞர் அவர்களுக்கும் வணக்கம்.

போன வாரம் உங்கள் கட்டடத்தின் முன்வாசலில் பச்சை வலை கட்டி, கிரேனைக் கொண்டுவந்து நிறுத்தி, மூன்று பெண்கள் சிலையைத் தூக்கப் பார்த்தது பற்றி நான் உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. வேலையைக் கொடுத்தது நீங்கள்தான். இரும்புச் சங்கிலியை நேரடியாகக் கல்லின் மேலேயே சுற்றி இழுத்ததில், நடுவில் நிற்கும் பெண்ணின் தலையில் உள்ள முளைப்பாரியின் ஓரத்தில் ஒரு சில்லு பெயர்ந்துவிட்டது. எதிர்வரிசைக் கடைக்காரர்கள் எல்லோரும் ஓடிவந்து சத்தம் போட்ட பிறகுதான் வேலை நின்றது. "இப்போதைக்கு நிறுத்தி வைத்திருக்கிறோம்" என்கிறார்கள் உங்கள் ஆட்கள். எதுவரைக்கும் என்று கேட்டால் பதில் இல்லை. அதனால்தான் இந்த மடல்.

நாங்கள் கேட்பது ஒன்றே ஒன்று. சிலை முன்வாசலிலேயே இருக்கட்டும், அதன் மேடையில் ஜனங்கள் உட்காருவதற்கும் இடம் இருக்கட்டும். மற்றபடி தரையை மாற்றுங்கள், விளக்குப் போடுங்கள், பெயர்ப்பலகையைப் புதிதாக்குங்கள், யாருக்கும் ஆட்சேபம் இல்லை. உங்கள் கட்டடம், உங்கள் பணம்.

நான் எதிரில் தட்டச்சும் ஜெராக்ஸும் செய்து கொடுக்கும் சின்னக் கடை வைத்திருக்கிறேன். வக்கீல்களுக்கு மனு அடித்துக் கொடுப்பேன், உங்கள் கட்டடத்துக்கு வருபவர்களுக்குப் படிவம் நிரப்பிக் கொடுப்பேன். உள்ளே இன்ஷூரன்ஸ் ஆபீஸ் இருக்கிறது, வீட்டுக்கடன் ஆபீஸ் இருக்கிறது, சீட்டுக் கம்பெனி இருக்கிறது. மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம், வாடிப்பட்டி என்று நாலா பக்கத்திலிருந்தும் காலை பஸ் பிடித்து வருகிறார்கள். பாதிப் பேரிடம் "மதியத்துக்கு மேல வாங்க" என்று சொல்லி அனுப்பிவிடுவார்கள். ஊருக்குப் போய்த் திரும்ப முடியாது, ஹோட்டலில் ஒரு காபிக்கு மேல் உட்கார முடியாது. அவர்கள் போய் உட்காருகிற இடம் அந்தச் சிலை மேடை. ஒன்றரை அடி உயரம்தான். முழங்கால் வலிக்காரர்கள் உட்கார்ந்து எழுவதற்கு அதைவிடத் தோதான இடம் இந்த ரோட்டில் கிடையாது. பக்கத்தில் நிற்கும் இரண்டு புங்க மரத்து நிழலும் மூன்று மணி வரை அந்த மேடை மேல்தான் விழும். நம்ம மதுரை மாசி வீதிப் பழைய வீடுகளுக்குத் திண்ணை எப்படியோ, எங்களுக்கு அந்த மேடை அப்படி.

பச்சை வலை கட்டின மறுநாள் ஒரு அம்மா வந்தார். உசிலம்பட்டிப் பக்கத்துக் கிராமம். வீட்டுக்காரர் இறந்து, பாலிசிப் பணத்துக்காக அலைந்துகொண்டிருக்கிறார். மஞ்சப்பையில் இறப்புச் சான்றிதழ், ரேஷன் கார்டு, பாஸ்புக் எல்லாம் ஒரு பிளாஸ்டிக் கவருக்குள் வைத்துச் சுற்றியிருந்தது. காலையில் ஆபீஸில், ஒரு படிவம் குறைகிறது, இரண்டரை மணிக்கு மேல் கொண்டுவாருங்கள் என்று சொல்லிவிட்டார்கள். படிவத்தை நான் அடித்துக் கொடுத்தேன். அப்புறம் உட்கார இடம் தேடினார். மேடையைச் சுற்றி வலை. கட்டடத்தின் படியில் உட்கார்ந்தவரை செக்யூரிட்டி, "அம்மா, படியில உட்காராதீங்க, எங்களைத் திட்டுவாங்க" என்று எழுப்பிவிட்டார். அவரைக் குறை சொல்ல மாட்டேன், அவர் வேலை அது. என் கடையில் நிற்கவே இடம் கிடையாது. இருந்த ஒரு ஸ்டூலைக் கொடுத்தேன். "வேண்டாம் தம்பி, ஆளுங்க வருவாங்க" என்று எழுந்து போய்விட்டார். கடைசியில் சாக்கடை மூடியிருக்கும் சிமெண்ட் பலகையின் மேல், நல்ல வெயிலில், முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். படிவத்தில் கைநாட்டு வைக்க வேண்டிய இடங்களில் மைப்பெட்டியைப் பிடித்துக்கொண்டு நான் அங்கேதான் நின்றேன். ரோட்டில் பஸ் போகும்போதெல்லாம் பேப்பர் பறந்தது. கணவரின் இறப்புச் சான்றிதழை இரண்டு கையாலும் முழங்காலோடு சேர்த்து அமுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார்.

அய்யா, அந்த அம்மா உங்கள் கட்டடத்துக்கு வந்தவர். உங்களுக்கு வாடகை கொடுக்கும் ஆபீஸின் வாடிக்கையாளர். அவருக்கு உட்கார இடம் கொடுக்காத முகப்பு யாருக்காக?

வலையின் மேல் நீங்கள் ஒட்டியிருக்கும் படத்தை நன்றாகவே பார்த்தேன். கண்ணாடிக் கூரை, கார் வந்து நின்று போக வளைவுப் பாதை, கலர் விளக்கு நீரூற்று, தொட்டிச் செடிகள். உட்கார ஒரு பெஞ்சு கூட இல்லை. புங்க மரங்களும் படத்தில் இல்லை. சிலையைக் காணோமே என்று விசாரித்தால், பின்பக்கம் ஜெனரேட்டர் அறையை ஒட்டி வைக்கப் போகிறோம் என்றார்கள். டீசல் புகை அடிக்கிற சந்தில், யாரும் போகாத, போகவும் விடாத இடத்தில். கட்டடம் திறந்தபோது நீங்கள் கொடுத்த விளம்பரங்களில் எல்லாம் இந்தச் சிலையின் படத்தைத்தானே போட்டீர்கள்? அன்றைக்கு இது உங்கள் பெருமையாக இருந்தது. இன்றைக்கு இடைஞ்சலாகத் தெரிகிறது என்றால், மாறியது சிலை இல்லை.

அந்தச் சிலையை நீங்கள் கிட்டத்தில் நின்று பார்த்து எவ்வளவு நாள் ஆகிறது என்று தெரியவில்லை. மூன்று பெண்களுக்கும் முகம் ஒரே மாதிரி இருக்காது. கடைசிப் பெண் கழுத்தை லேசாகச் சாய்த்துப் பாரத்தைச் சமாளிக்கிறாள். அம்மன் கோயில் திருவிழாவில் முளைப்பாரி தூக்கிய எந்தப் பெண்ணைக் கேட்டாலும் அந்தச் சாய்வு ஏன் என்று சொல்வார். பயிரை ஒவ்வொரு முளையாகச் செதுக்காமல், நெருக்கமான உளிக்கோடுகளாலேயே சிற்பி காட்டியிருக்கிறார். மாமல்லபுரம் கல்லூரியில் படித்தவர். சங்கிலி பட்டுப் பெயர்ந்தது அந்த உளிக்கோடு இருந்த இடம். வெயிலும் மழையும் பட்டுக் கறுத்த கல்லில் அங்கே மட்டும் வெள்ளையாகத் தெரிகிறது.

கருங்கல் கன மீட்டருக்கு 2.6, 2.7 டன் எடை இருக்கும். அவ்வளவு பாரத்தைத் தூக்குகிறவர்கள் கல்லில் படும் இடமெல்லாம் பெல்ட் போட்டு, இடையில் மரக்கட்டை கொடுத்து, அடியில் பிணைத்திருக்கும் கம்பியை முதலில் விடுவித்துவிட்டுத்தான் தூக்க வேண்டும். கல் வேலைக்காரர்கள் சுத்தியலால் லேசாகத் தட்டிப் பார்ப்பார்கள். கணீர் என்று கேட்டால் கல் நன்றாக இருக்கிறது, மந்தமாகக் கேட்டால் உள்ளே எங்கோ விரிசல். போன வாரம் இழுத்த பிறகு யாராவது தட்டிப் பார்த்தார்களா? பெயர்ந்த சில்லு உங்கள் செக்யூரிட்டியிடம் பத்திரமாக இருக்கிறது. சிற்பி வந்து பார்க்கும் வரை அதைக் குப்பையில் போட்டுவிட வேண்டாம்.

சிலைக்குப் பணம் கொடுத்துவிட்டோம், இனி எங்கள் இஷ்டம் என்று உங்கள் ஆள் ஒருவர் சொன்னார். அப்படி முழுசாகச் சொல்லிவிட முடியாது. 1957-ஆம் வருஷப் பதிப்புரிமைச் சட்டத்தின் 57-வது பிரிவு, படைப்பை விற்ற பிறகும் அதைச் சிதைத்துத் தன் பெயரைக் கெடுப்பவர்கள் மேல் வழக்குப் போடும் உரிமையைப் படைத்தவரிடமே விட்டுவைக்கிறது. டெல்லி விஞ்ஞான் பவனில் அமர்நாத் சேகல் செய்த வெண்கலச் சுவர்ச்சிற்பம் 140 அடி நீளம். 1962-ல் முடித்தார். 1979-ல் கட்டடத்தைப் புதுப்பிக்கிறோம் என்று கழற்றிக் கிடங்கில் போட்டார்கள், பாகங்கள் உடைந்தன, காணாமலும் போயின. அவர் வழக்குப் போட்டார். 2005-ல் டெல்லி உயர் நீதிமன்றம், மிச்சமிருப்பதை அவரிடமே திருப்பிக் கொடுக்கவும் 5 லட்சம் ரூபாய் நஷ்டஈடு தரவும் மத்திய அரசுக்கு உத்தரவிட்டது. சரி, இடம் மாற்றுவதையே அந்தப் பிரிவு தடுக்கிறது என்று நான் சொல்ல வரவில்லை. படைப்பைக் காட்சிக்கு வைக்காமல் இருப்பது மட்டுமே குற்றமாகாது என்று சட்டமே சொல்கிறது. ஆனால் உடைப்பது வேறு. போன வாரம் நடந்தது உடைப்பு.

இன்னொன்றையும் யோசித்துப் பாருங்கள். 1981-ல் நியூயார்க்கில் ஓர் அரசு அலுவலகக் கட்டடத்தின் முன் சதுக்கத்தில் ரிச்சர்ட் செர்ரா என்ற சிற்பி 120 அடி நீளம், 12 அடி உயரத்துக்கு ஒரு எஃகுச் சுவரை வளைத்து நிறுத்தினார். வழியை மறைக்கிறது, சுற்றிப் போக வேண்டியிருக்கிறது என்று அங்கே வேலை பார்த்தவர்களிலேயே பலர் எடுக்கச் சொன்னார்கள். 1985-ல் மூன்று நாள் பொது விசாரணை வைத்தார்கள். பேசிய 180 பேரில் 122 பேர் இருக்கட்டும் என்றார்கள், 58 பேர் எடுக்கச் சொன்னார்கள். கடைசியில் 1989-ல் எடுத்தேவிட்டார்கள். எடுத்தது சரியில்லை என்பதுதான் என் எண்ணம். ஆனாலும் கை வைப்பதற்கு முன் ஜனங்களைக் கூப்பிட்டு உட்கார வைத்துக் கேட்டார்கள். இங்கே இந்தச் சிலை யார் வழியையும் மறைக்கவில்லை. எடுக்கச் சொல்லி ஒருவரும் கேட்கவில்லை. எங்களிடமும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

பின்பக்கம் வைத்துவிட்டு வேலை முடிந்ததும் பார்க்கலாம் என்று சொல்வீர்களானால், அந்தப் பேச்சை நம்ப எங்களுக்குப் பயமாக இருக்கிறது. நம்ம ரயில் நிலையத்தின் முன்னால் பாண்டியர் சின்னமாக நின்ற மூன்று மீன் சிலையும் நிலைய வேலைக்காக எடுக்கப்பட்டதுதான். மறுபடி வைக்கச் சொல்லி உயர் நீதிமன்றக் கிளை வரை போக வேண்டி வந்தது. மெரினாவில் 2001 டிசம்பரில் எடுத்த கண்ணகி சிலை திரும்பி வர 2006 ஆனது. கண்ணகிக்கே அத்தனை வருஷம் என்றால், முளைப்பாரி தூக்கிய பெயர் இல்லாத மூன்று பெண்களுக்காக யார் கேட்கப் போகிறார்கள்?

இந்த ஊர் சிற்பத்தோடு புழங்கிய ஊர். மீனாட்சியம்மன் கோயிலுக்கு எதிரில் இருக்கும் புதுமண்டபத்தில் மீனாட்சி கல்யாணச் சிலைக்கும் யாளிக்கும் நடுவில் தையல் மிஷின் ஓடியது, வளையல் விற்றது, பாடப்புத்தகம் விற்றது. கடைகளைக் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாற்றியதற்குக் காரணம் இருந்தது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் சிற்பம் என்றால் எட்டி நின்று பார்ப்பது என்று எங்களுக்கு யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை. யானைமலையில் சிற்ப நகரம் அமைக்கப் போவதாக 2010-ல் பேச்சு வந்தபோது, மலையடி ஊர்களான ஒத்தக்கடையும் நரசிங்கமும் திரண்டு நின்று தடுத்தன. எந்தக் கல்லில் உளி படலாம், எந்தக் கல்லைத் தொடக் கூடாது என்று இங்கே சாதாரண ஜனங்களுக்குத் தெரியும்.

இப்போது ஊரெங்கும் புதுக் கட்டடங்கள் எழும்புகின்றன. ஒவ்வொன்றின் முன்னாலும் காருக்கு இடம் இருக்கிறது, செல்ஃபி எடுக்க இடம் இருக்கிறது. நடந்து வருகிறவருக்கு ஒதுங்க ஒரு மரம் கிடையாது. ரோட்டை அகலப்படுத்தும்போது மரம் போனது, கட்டடம் கட்டும்போது திண்ணை போனது. சித்திரை, வைகாசி வெயிலில் மூட்டை முடிச்சோடு நிற்கும் கிழவர்களைப் பார்த்துப் பார்த்து மனது கசந்துவிட்டது. அந்தக் கோபம் முழுவதையும் உங்கள் ஒருவர் மேல் கொட்டுவது நியாயமில்லைதான். மன்னியுங்கள். இருந்த ஒரு நல்ல இடத்தையும் நீங்கள் மூடியதால் வந்த வேகம்.

அதனால் மறுபடியும் பணிவாகக் கேட்கிறேன். சிலை முன்வாசலிலேயே இருக்கட்டும், மேடையில் உட்கார இடமும் இருக்கட்டும். கார் வந்து திரும்பத் தெற்கு கேட் வழியாக ஏற்கெனவே பாதை இருக்கிறது, அதையே சரிசெய்து பயன்படுத்தலாம். கட்டாயம் கொஞ்சம் நகர்த்தித்தான் ஆக வேண்டும் என்றால், சிற்பியைக் கூப்பிட்டு, அவர் பக்கத்தில் நின்று சொல்லச் சொல்ல, அதே முன்வாசலில் புங்க மர நிழலை விட்டு விலகாமல் நகர்த்துங்கள். மேடையின் உயரத்தைக் கூட்டாதீர்கள், சுற்றிக் கம்பி வேலி போடாதீர்கள். மரத்தின் வேர்ப்பக்கம் சிமெண்ட் கொட்டிவிடாதீர்கள்.

கட்டடக் கலைஞர் அய்யாவுக்குத் தனியாக ஒரு வேண்டுகோள். ஒரு நாள் மதியம் பன்னிரண்டு மணியிலிருந்து மூன்று மணி வரை எங்கள் வரிசையில் வந்து நின்று பாருங்கள். யார் வருகிறார்கள், எங்கே ஒதுங்குகிறார்கள், எவ்வளவு நேரம் காத்திருக்கிறார்கள் என்பது அந்த மூன்று மணி நேரத்தில் தெரிந்துவிடும். அதைப் பார்த்த பிறகு உங்கள் கையே வேறு மாதிரி வரையும் என்று நம்புகிறேன்.

மாற்றிய வரைபடத்தைக் கீழ்த்தளத்து அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள். கிரேன் மறுபடி வருவதற்கு முன்னால் வாடகைதாரர்களையும் கடைக்காரர்களையும் கூப்பிட்டு ஒரு கூட்டம் வையுங்கள். ஞாயிற்றுக்கிழமை காலையாக இருந்தால் எல்லோரும் வந்துவிடுவோம்.

இப்படிக்கு,
எதிர்வரிசைத் தட்டச்சுக் கடைக்காரன்,
மதுரை