இஸ்மிர் தையல் பட்டறையில் இருந்த தங்கைக்கு

அன்புள்ள தங்கைக்கு,

நான் முதலில் எழுதியது திட்டுக் கடிதம். போலி லைஃப் ஜாக்கெட் தைத்தவன் எவன், அவன் வீட்டில் பிள்ளைகளே இல்லையா என்று தொடங்கி இரண்டு பக்கம் ஓடியிருந்தது. பிறகுதான் செய்தியை முழுவதும் படித்தேன். 2016 ஜனவரியில் இஸ்மிர் நகரில் துருக்கிப் போலீசார் ஒரு பட்டறையைச் சோதனையிட்டு 1,263 போலி ஜாக்கெட்டுகளைப் பறிமுதல் செய்தார்கள். அங்கே வேலை செய்தவர்களில் இருவர் சிரியச் சிறுமிகள். அதில் ஒருத்தி நீ. அந்த இரண்டு பக்கத்தையும் கிழித்துப் போட்டேன்.

நானும் நான்கு வருடம் தையல் மிஷின் முன்னால் உட்கார்ந்தவள்தான். அதனால் அந்த ஜாக்கெட்டுகளின் படத்தைப் பார்த்ததும் கண் முதலில் போனது தையலுக்கு. ஆரஞ்சுத் துணி, கறுப்புப் பட்டை, பிளாஸ்டிக் கொக்கி. குறை சொல்ல ஒன்றுமில்லை. குறை எல்லாம் உள்ளே. மிதக்கும் நுரை இருக்க வேண்டிய இடத்தில், சாமான் உடையாமலிருக்கப் பெட்டிக்குள் வைக்கும் அடைப்புப் பொருள். தண்ணீரைக் குடிக்கக் குடிக்க அது கனக்கும். ஆளையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும்.

தெரிந்துதான் தைத்தாயா? கேட்கத்தான் தோன்றுகிறது. ஆனால் வந்த பீஸை மூட்டிக் கொடுப்பதுதான் வேலை. உள்ளே என்ன திணிக்கிறார்கள் என்று நாங்களும் ஒருநாளும் கேட்டதில்லை. அதுவும் சிரியாவிலிருந்து வந்தவர்கள் வேலை அனுமதிக்கு விண்ணப்பிக்கத் துருக்கி அரசு பரவலாக வழிவிட்டதே அந்த ஜனவரியில்தான். அதுவரை கிடைத்த இடத்தில், கொடுத்த கூலிக்கு.

போருக்குத் தப்பி ஐரோப்பாவுக்குக் கடல் தாண்டிய உன் ஊர்க்காரர்களே அதை வாங்கி மாட்டிக்கொண்டார்கள். துருக்கிக் கரையிலிருந்து கிரீஸ் நாட்டின் லெஸ்போஸ் தீவு, மிக நெருக்கமான இடத்தில் சுமார் பத்து கிலோமீட்டர் தூரம்தான். 2015இல் மட்டும் சுமார் 5 லட்சம் பேர் ரப்பர் படகுகளில் அங்கே போய் இறங்கினார்கள்.

அதே கடலில் கப்பலும் ஓடுகிறது. துருக்கிக் கரையின் அய்வாலிக் துறைமுகத்தில் ஏறினால் ஒன்றரை மணி நேரத்துக்குள் லெஸ்போஸ். கடத்தல்காரனுக்கு ஆயிரம் டாலர் கொடுக்கத் தயாராக இருந்தவர்களுக்கு அந்த டிக்கெட் ஒரு செலவே அல்ல. ஆனாலும் அவர்களை ஏற்ற மாட்டார்கள். விசா இல்லாதவரை ஏற்றிவந்தால் கப்பல் நிறுவனமே அபராதம் கட்ட வேண்டும் என்று 2001இலேயே ஐரோப்பிய ஒன்றியம் விதியை இறுக்கிவிட்டது. அகதிகளுக்குப் பாதுகாப்பு உண்டு என்று ஏட்டில் எழுதியிருக்கிறது. வருகிறவர் அகதியா இல்லையா என்று டிக்கெட் கவுன்டரில் இருப்பவர் எப்படிச் சொல்வார்? ஏற்றாமல் விடுவதுதான் அவருக்கு லாபம். என் திட்டுக் கடிதம் உண்மையில் போக வேண்டிய விலாசம் அந்த விதியை எழுதிய மேஜை. அங்கே யாரும் போய்ச் சோதனையிடவில்லை.

இன்னொன்று. லெஸ்போஸின் வடக்கே, மித்திம்னா ஊருக்குப் பக்கத்துக் குப்பைக் கிடங்கில் கழற்றிப் போட்ட ஜாக்கெட்டுகள் மலையாகக் குவிந்தன. நல்லதும் போலியும் ஒன்றாகத்தான் கிடந்தன. அதிலிருந்து கொஞ்சம் எடுத்துப் பிரித்து, தீவின் தையல் பட்டறை ஒன்றில் பைகள் தைத்தார்கள். தைத்தவர்களில் அகதிகளும் உண்டு. நீ இறுக்கிப் போட்ட தையலை, அங்கே யாரோ ஒருத்தி மடியில் வைத்துப் பிளேடால் ஒவ்வொன்றாக அறுத்திருப்பாள்.

அன்புடன்,
உன் அக்கா ஒருத்தி