பாட்டு யாருடையது என்று கேட்டிருந்தாய்

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. கண் புரை ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததே, அது போதும். அடுத்த கண்ணையும் தள்ளிப்போடாமல் செய்துகொள். ஒரு கண்ணில் வெள்ளை பளிச்சென்றும் இன்னொன்றில் பழுப்பாகவும் தெரிகிறது என்று எழுதியிருந்தாய். எனக்கும் அப்படித்தான் இருந்தது. இரண்டும் முடிந்தபின் சரியாகிவிட்டது.

நான் வேலையை விட்டாயிற்று. பகலில் பழைய இசைத்தட்டுகளைத் துடைத்து அடுக்குகிறேன். துடைப்பதைவிடக் கேட்பதுதான் அதிகம் என்று வீட்டில் குற்றச்சாட்டு. அந்த நேரம் பார்த்து உன் கடிதத்தின் பின்பாதி வந்து சேர்ந்தது.

பேத்தி மேல் ஏன் அவ்வளவு கோபம்? யாரோ ஒரு பையன் கிடாரை மெல்லத் தட்டிக்கொண்டு 'அன்செயின்ட் மெலடி' என்கிற பழைய ஆங்கிலப் பாட்டை முனகுகிறான், அவள் அதையே திரும்பத் திரும்பக் கேட்கிறாள். 'ஒரிஜினலைக் கெடுத்துவிட்டார்கள், பாட்டு யாருடையது என்றே இவர்களுக்குத் தெரியவில்லை' என்று எழுதியிருக்கிறாய். சரி, நீ ஒரிஜினல் என்று சொல்வது எதை? ரைட்டியஸ் பிரதர்ஸ் என்கிற அமெரிக்க ஜோடி பாடியதை. அது 1965. பாட்டு பிறந்தது 1955. இத்தனை வருஷமாக நீ உருகிக்கொண்டிருப்பதே ஒரு கவர் வெர்ஷனுக்குத்தான்டா, அதாவது வேறொருவர் முன்பே பாடியதை மறுபடி பாடியதற்கு.

பிறந்த கதை உனக்குப் பிடிக்கும். 'அன்செயின்ட்' (விலங்கு அவிழ்ந்தவன் என்று அர்த்தம்) என்று ஒரு சிறைப் படம். கலிஃபோர்னியாவில் சீனோ என்ற இடத்தில், கைதிகளை நம்பி, கெடுபிடி குறைவாக நடத்தப்பட்ட நிஜச் சிறையைப் பற்றியது. அங்கிருந்து தப்புவது ஒன்றும் பெரிய வேலையில்லை. ஓடிப்போய் வாழ்நாள் முழுக்க ஒளிந்து திரிவதா, தண்டனைக் காலத்தை முடித்துவிட்டுப் பெண்டாட்டி பிள்ளைகளிடம் தலை நிமிர்ந்து போவதா என்பதுதான் நாயகனின் சிக்கல். அந்தப் படத்துக்காக அலெக்ஸ் நார்த் போட்ட மெட்டு இது. வரிகளை எழுதியவர் ஹை ஸாரெட். படத்தில் ஒரு கைதி இதைப் பாடுகிறார், கூட ஒரு கிடார் மட்டும். பாடியவர் டாட் டங்கன் என்ற கறுப்பினப் பாடகர், பாரிடோன் என்கிற கனத்த ஆண்குரல். 1935-இல் 'போர்கி அண்ட் பெஸ்' என்ற ஆபரா (இசை நாடகம்) முதன்முதலில் மேடையேறியபோது போர்கியாக நின்றவர் அவர்தான்.

இதைத் தெரிந்துகொண்டு வரிகளை மறுபடி கேட்டுப் பார். நேரம் நகரவே மாட்டேனென்கிறது, நேரம் என்னவெல்லாமோ செய்துவிடும், நீ இன்னும் என்னுடையவள்தானா? காதலர்கள் மிகைப்படுத்திச் சொல்வது என்றுதான் நாம் நினைத்திருந்தோம். உள்ளே கிடப்பவன் சொன்னால் அதில் மிகையே இல்லை. நாளை எண்ணிக்கொண்டிருக்கிறவன், வெளியே இருப்பவளைப் பற்றி எதுவும் தெரியாதவன், நிஜமாகவே கேட்கிற கேள்வி அது. காத்திரு, வீட்டுக்கு வந்துவிடுவேன் என்கிற இடமும் அப்படித்தான். தப்பி ஓட நினைக்காதவன் கொடுக்கிற வாக்கு.

ஆனால் வரிகளில் சிறை இல்லை, கம்பி இல்லை, விலங்கு இல்லை. படத்தின் பெயரையாவது எங்காவது நுழைக்கச் சொல்லிக் கேட்டிருக்கிறார்கள். ஸாரெட் மாட்டேன் என்றுவிட்டார். பாட்டின் ஆயுளை நீட்டித்தது அந்த மறுப்புதான் என்பது என் எண்ணம். ஒரு வரியில் கம்பிக் கதவு வந்திருந்தால் போதும், இது அந்தப் படத்தோடு போயிருக்கும். படம் இன்று யாருக்கு நினைவிருக்கிறது? கதையைப் படத்திலேயே விட்டுவிட்டு, காத்திருப்பை மட்டும் எடுத்துக்கொண்டு பாட்டு வெளியே வந்துவிட்டது. தொடுகைக்கான ஏக்கம், கடலைத் தேடிப் போகும் ஆறு, நகராத நேரம், இவ்வளவுதான் உள்ளே இருக்கிறது. எவன் வேண்டுமானாலும் தன் கதையைக் கொண்டுவந்து இதில் வைக்கலாம்.

(ஸாரெட்டைப் பற்றி இன்னொன்று. குழந்தைகளுக்கு அறிவியல் பாட்டுகளும் எழுதியிருக்கிறார் மனிதர். சூரியன் ஏன் ஒளிர்கிறது என்று ஒரு பாட்டு, பேத்திக்குப் போட்டுக் காட்டு. 2007-இல், 99 வயதில் போய்ச் சேர்ந்தார். நார்த்துக்கு ஆஸ்கர் பரிந்துரை மொத்தம் 15 முறை. இந்தப் பாட்டும் அதில் ஒன்று. ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. கடைசியில் 1986-இல் கௌரவ ஆஸ்கர் கொடுத்துச் சமாதானம் செய்தார்கள்.)

அப்புறம், கவர் என்றாலே பின்னால் வந்த ஏதோ கலப்படம் என்று நீ நினைக்கிறாய். 1955-லேயே என்ன நடந்தது பார். லெஸ் பாக்ஸ்டரின் ஆர்க்கெஸ்ட்ரா இதை வாசித்து அமெரிக்காவின் ஹிட் பட்டியலில் முதலிடத்துக்குப் போனது. அதே சமயம் அல் ஹிப்ளர் பாடிய தட்டு, ராய் ஹாமில்டன் பாடிய தட்டு, எல்லாம் பட்டியலில். ஹிப்ளர் பார்வையில்லாதவர், டியூக் எலிங்டனின் ஜாஸ் குழுவில் பாடிப் பழகிய கனத்த குரல். ஹாமில்டனிடம் தேவாலயத்துச் சாயல். பிரிட்டனில் ஜிம்மி யங் பாடியது முதலிடம். ஒரே பாட்டு, ஒரே வருஷம், ஆளுக்கொரு தட்டு. அன்றைக்குப் பாட்டுதான் சரக்கு. எந்தக் குரலில் வாங்குவது என்பது கேட்பவர் இஷ்டம். இதற்கு அமெரிக்கச் சட்டமும் ஒத்தாசை. ஒரு பாட்டு ஒருமுறை தட்டாக வெளிவந்துவிட்டால் போதும், மற்றவர் அதைத் தன் குரலில் பதிவு செய்ய ஆசிரியரிடம் அனுமதி கேட்டு நிற்க வேண்டியதில்லை. நிர்ணயித்த தொகையைக் கட்டினால் போதும். 1909-இல் வந்த சட்டம், ஒரு பிரதிக்கு 2 சென்ட். 1977 முடியும்வரை அந்த 2 சென்ட் மாறவே இல்லை! மெட்டை மாற்றாதவரை யாரும் தடுக்க முடியாது.

நம் பக்கம் இது வேறு மாதிரி வளர்ந்தது. சினிமாப் பாட்டை வேறொருவர் பாடினால், சங்கதி ஒன்று பிசகாமல் வருகிறதா என்றுதான் காது போகிறது. டிவி போட்டியில் பாடும் பிள்ளைகளைப் பார், மூச்சு விடுகிற இடத்தைக்கூட அப்படியே நகலெடுக்கிறார்கள். அந்த உழைப்பை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அந்தக் காதோடு வந்து இந்தப் பாட்டை எடை போடாதே. உன் கோபத்தில் பாதி அங்கிருந்து வருகிறது என்றே நினைக்கிறேன்.

சரி, உன் ரைட்டியஸ் பிரதர்ஸுக்கு வருகிறேன். எனக்கும் அது உயிர். பில் மெட்லி, பாபி ஹாட்ஃபீல்ட், இரண்டு பேரும் அண்ணன் தம்பி இல்லை என்பது உனக்குத் தெரியும். அடித்தொண்டை மெட்லிக்கு, உச்சம் ஹாட்ஃபீல்டுக்கு. முந்தைய பெரிய ஹிட்டில் மெட்லிதான் முன்னால் நின்றார். இதில் ஹாட்ஃபீல்ட் தனியாகப் பாடினார். ஃபில் ஸ்பெக்டர் கம்பெனி இதை வைத்தது தட்டின் பின்பக்கம். முன்பக்கத்துக்கு வேறு பாட்டு. ரேடியோவில் தட்டுப் போடுகிறவர்கள் திருப்பிப் போட்டுவிட்டார்கள், பாட்டு அமெரிக்காவில் 4-ஆம் இடம்வரை ஏறியது. கடைசிச் சுற்றில், உன் காதல் வேண்டும் என்கிற இடத்தில் குரல் மேலே தாவுகிறதே, அது நார்த் எழுதிய மெட்டில் இல்லாத ஏற்றம். ஹாட்ஃபீல்ட் தானாகப் போய்த் தொட்டது. இன்று எவன் பாடினாலும் அந்த இடத்தைத்தான் எல்லோரும் காத்துக்கொண்டு கேட்கிறார்கள். கவர் பாடியவர் சேர்த்தது பாட்டின் உடம்பாகவே ஆகிவிட்டது. நீ இனி ஒரிஜினல் என்ற வார்த்தையை எடுக்கும்போது இதையும் கொஞ்சம் யோசி.

1990-இல் 'கோஸ்ட்' படம். களிமண் சக்கரம், டெமி மூர், பேட்ரிக் ஸ்வேஸி, நீ பெருமூச்சு விட்டதெல்லாம் எனக்கு மறக்கவில்லை. அந்தப் படத்தால் பாட்டு மறுபடி கிளம்பியபோது ஒரு வேடிக்கை நடந்தது. படத்தில் வருவது 1965-ஆம் வருஷப் பதிவு. தேவை எகிறியதும் ரைட்டியஸ் பிரதர்ஸ் புதிதாக ஒருமுறை பதிவு செய்து வெளியிட்டார்கள். பழையது, புதியது இரண்டுமே ஒரே சமயத்தில் அமெரிக்காவின் முதல் இருபதுக்குள். ஐம்பது வயது ஹாட்ஃபீல்ட் இருபத்தைந்து வயசு ஹாட்ஃபீல்டோடு போட்டி போட்டார் என்று வைத்துக்கொள். பழையதுதான் சற்று மேலே போனது. ஆனால் புதியதையும் தேடிக் கேள். உச்சத்தை மறுபடி தொடுகிறார், தொடுகிற விதத்தில் ஒரு ஜாக்கிரதை இருக்கிறது. எனக்கு அந்த ஜாக்கிரதை பிடிக்கும். 2003-இல், ஒரு கச்சேரிக்குப் போன ஊரில், மேடையேறும் முன் ஹோட்டல் அறையில் இறந்துபோனார்.

அதே 1990-இல் வந்த 'குட்ஃபெல்லாஸ்' தாதா படத்திலும் இந்தப் பாட்டு வருகிறது, தெரியுமா? 1963-இல் விட்டோ அண்ட் த சாலுடேஷன்ஸ் என்ற குழு தலைதெறிக்கிற வேகத்தில் பாடிய வெர்ஷன். கேட்டால் சிரிப்பு வரும். இரண்டு மூன்று முறை கேட்டபின் கால் ஆடும்.

பிரிட்டனில் இது ஓயவே இல்லை. 1995-இல் ராப்சன், ஜெரோம் என்று இரண்டு டிவி நடிகர்கள், 2002-இல் கேரத் கேட்ஸ் என்று 17 வயதுப் பையன். ஜிம்மி யங், ரைட்டியஸ் பிரதர்ஸ், இவர்கள் என்று நான்கு வெவ்வேறு பதிவுகளில் அங்கே முதலிடம் போன முதல் பாட்டு இதுதான். நடிகர்கள் பாடியதை நான் முழுதாகக் கேட்பதில்லை. எல்லாம் இனிமை, ஏக்கம் மட்டும் இல்லை. கேட்ஸ் விஷயம் வேறு. பேசினால் கடுமையாகத் திக்குகிற பிள்ளை. பாட ஆரம்பித்தால் திக்கல் இல்லை. அவன் வாயிலிருந்து அந்த நீண்ட அடிகள் தடையில்லாமல் வருவதைக் கேட்டவர்களுக்கு அது யாரோ எழுதிய காதல் பாட்டாகத் தெரிந்திருக்காது.

கவர்களை நான் பிரிப்பது இப்படித்தான். உச்சஸ்தாயியைக் காட்டுவதற்காகப் பாடுபவர்கள் ஒரு ரகம், டிவி போட்டிகளில் நிறைய. காத்திருக்கத் தெரிந்து பாடுபவர்கள் இன்னொரு ரகம், குறைவு. எல்விஸை எடுத்துக்கொள். 1977 ஜூன் 21, ராபிட் சிட்டியில் கச்சேரி. ஊதிப்போன முகம், வழிகிற வியர்வை. பியானோ முன்னால் உட்கார்ந்து தானே வாசித்துப் பாடுகிறார், ஒருவர் பக்கத்தில் மைக்கைப் பிடித்துக்கொண்டிருக்கிறார். உடம்பு விட்டுவிட்டது, குரல் விடவில்லை. இரண்டு மாதத்துக்குள் ஆள் இல்லை. வீடியோ கிடைக்கிறது, பார். ஆனால் ராத்திரி தூங்கப் போகும் முன் வேண்டாம். கன்ட்ரி பாடகர் வில்லி நெல்சன் அடுத்த வருஷம் பாடியது நேர் எதிர். எங்கும் ஏறமாட்டார், பேசுகிற மாதிரியே பாடி முடித்துவிடுவார். உன் பேத்தி கேட்கிற பையன் அந்த வம்சம் என்று தோன்றுகிறது. முனகல் என்று நீ எழுதியதால் சொல்கிறேன்.

எனக்கு எல்லாவற்றிலும் மேலானது முழுக் கவர்கூட இல்லை. கனடாப் பாடகி ஜோனி மிட்செல் 1982-இல் தன்னுடைய பாட்டு ஒன்றுக்குள் இதைப் பின்னியிருக்கிறார், 'சைனீஸ் கஃபே' என்று. நடுவயது வந்துவிட்ட ஒருத்தி தன் பழைய தோழியிடம் பேசுகிறாள். உன் பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள், ஊர் மாறிவிட்டது, நமக்கும் வயசாகிவிட்டது. நடுவில் ஒரு வரி, பெற்ற குழந்தை எனக்கு அந்நியமாகிவிட்டது, என்னால் வளர்க்க முடியவில்லை என்று. அது கதையில்லை. கையில் காசில்லாமல், 1965-இல் பிறந்த மகளைத் தத்துக் கொடுத்தவர் அவர். ஊருக்கு விஷயம் தெரிய இன்னும் பல வருஷம் இருந்தது, தட்டில் மட்டும் அந்த வரி இருந்தது. தோழிகளின் பேச்சுக்கு இடையில், அவர்கள் இளமையில் கஃபேயின் பாட்டுப்பெட்டியில் காசு போட்டுக் கேட்ட 'அன்செயின்ட் மெலடி' உள்ளே வருகிறது. நேரம் நகராதது, நீ இன்னும் என்னுடையவள்தானா என்பது, எல்லாம் அதே வரிகள். கேட்கப்படுவது காதலனிடம் இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம். ஒரு சொல் மாற்றவில்லை. 1997-இல் மகளைத் திரும்பப் பார்த்தார்.

உனக்கு இதை அனுப்பலாம் என்று பார்த்தால் தட்டில் ஒரு கீறல், சரியாக அந்தப் பாட்டில். பேத்தியிடம் சொல், போனில் உடனே எடுத்துத் தருவாள். அவள் கேட்கிற பையன் யார் என்று பெயரையும் கேட்டு எழுது, நானும் கேட்டுப் பார்க்கிறேன். பிடிக்காவிட்டால் உன் கட்சிக்கு வந்துவிடுகிறேன்.

சர்க்கரை எவ்வளவு இருக்கிறது என்று இந்த முறையும் நீ எழுதவில்லை. வீட்டில் எல்லோரையும் விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
உன் பழைய தோழன்