அந்த நீராவி கிரேனை வெட்டாதீர்கள்: ரயில்வே அதிகாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஐயா, அம்மா,

எங்கள் ஊர் யார்டின் கடைசி லைனில் நிற்கும் நீராவி பிரேக்டவுன் கிரேன், அதாவது விபத்தில் கவிழ்ந்த எஞ்சினையும் பெட்டியையும் தூக்கும் கிரேன், ஏலப் பட்டியலில் ஏறிவிட்டது. ‘பழைய இரும்பு’ என்று ஒரே வரி, பக்கத்தில் எடை. கம்பெனி பெயர் பொறித்த தகட்டை அதற்குள் யாரோ கழற்றிவிட்டார்கள். கொடுத்த மனுக்களுக்குப் பதில் இல்லை. அதனால்தான் எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன்: அந்த கிரேனை ஏலத்திலிருந்து எடுங்கள்.

அந்தத் தகட்டில் இருந்த பெயர் கோவன்ஸ் ஷெல்டன், ஊர் இங்கிலாந்தின் கார்லைல். ஜான் கோவன்ஸும் எட்வர்ட் ஷெல்டனும் 1846-இல் தொடங்கிய கம்பெனி. கவிழ்ந்த எஞ்சினைத் தூக்க கார்லைல் கிரேனைத் தேடிய ரயில்வேக்கள் பல நாடுகளில் இருந்தன. கிளாஸ்கோவின் ஃபினிஸ்டன் கிரேனும் இவர்கள் செய்ததுதான். 1931-இல் வந்தது, 175 டன் தூக்கும். ரயில் எஞ்சின்களைக் கப்பலேற்றிய அந்த கிரேனை இன்று அங்கே சட்டம் போட்டுக் காக்கிறார்கள். கார்லைல் பட்டறையோ 1987-இல் மூடப்பட்டுவிட்டது. இனி ஒன்று செய்துதர ஆளில்லை.

எங்கள் கிரேனில் என் அப்பா ஃபயர்மேன், பாய்லருக்குக் கரி போடுபவர். நடுராத்திரியில் சங்கு ஊதினால் சட்டையை மாட்டிக்கொண்டே ஓடுவார். குளிர்ந்த பாய்லரில் ஸ்டீம் ஏறச் சில மணி நேரமாகும். விபத்து அதுவரை காத்திருக்குமா? போகிற வழியிலேயே கரி தள்ளுவார்கள். போய்ச் சேர்ந்ததும் இரண்டு பக்கமும் கிரேனின் இரும்புத் தாங்கு கைகளை வெளியே இழுத்து, அடியில் மரக்கட்டைகளை அடுக்கி முட்டுக் கொடுக்க வேண்டும். கட்டை ஒவ்வொன்றும் தோளில்தான் வரும். மழையில் ஊறிய மண் ஒரு பக்கம் உள்வாங்கினால், சுமையோடு கிரேனே சாயும். ஜிப், அதாவது சுமையைத் தூக்கும் நீண்ட கை, தாழத் தாழத் தூக்கும் சக்தி குறையும் என்பதால், கவிழ்ந்த பெட்டிக்கு எவ்வளவு அருகில் நிறுத்துவது என்பதே பெரிய வித்தை. அப்பாவின் தோளில் காய்த்த தழும்பு கடைசிவரை போகவில்லை.

இந்த வேலையைச் செய்தவர்களுக்கு உங்கள் அலுவலகச் சுவர்களில் ஒரு படம்கூடக் கிடையாது. நூற்றாண்டு விழாவுக்குப் பந்தல் போடப் பணம் இருக்கிறது. ஒரு கிரேனுக்குத் தகரக் கூரை போட மட்டும் இல்லையா? இதை எப்படி ஏற்றுக்கொள்வது?

கோபத்தில் வார்த்தை தடித்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். கேட்பது அதிகமில்லை. கிரேனை ஏலத்திலிருந்து எடுத்து, ஸ்டேஷன் வாசலில் ஒரு கூரையின் கீழ் நிறுத்துங்கள். கழற்றிய தகட்டைத் தேடி மாட்டுங்கள். வர்ணம் அடிக்கும் வேலையை ஓய்வுபெற்ற தொழிலாளர்கள் நாங்களே செய்து தருகிறோம் என்று மனுவிலேயே எழுதியிருக்கிறோம். ஏலத் தேதிக்கு முன்பாகப் பதில் அனுப்பும்படி பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
பிரேக்டவுன் கிரேன் ஃபயர்மேன் ஒருவரின் மகன், ஓய்வுபெற்ற ரயில்வே ஃபிட்டர்